இரண்டு பூட்டுப் போட்ட மோட்டார்

எங்கள் தெருவுக்கும் அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கும் சேர்த்து ஒரே போர்வெல். ஆற்றில் மணல் மட்டும் கிடக்கிற கோடையில் அதுதான் கதி. போன வருஷம் அங்கே பெரிய அடிதடி. குடத்தாலேயே அடித்துக்கொண்டோம். போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்த பிறகு இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். மோட்டார் பெட்டிக்கு இரண்டு பூட்டு, தெருவுக்கு ஒரு சாவி. ஒரு தெரு மட்டும் வந்து திறக்க முடியாது. ஆறிலிருந்து ஏழு எங்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு.

எங்கள் சாவி என்னிடம். வாய்க்காரி என்பதால் கொடுத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர்கள் சாவி, மில்லில் நெல் அவிக்கிற ஒரு பெண்ணிடம். தினமும் காலையில் அவள் பூட்டை அவள் திறப்பாள், என் பூட்டை நான். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையன்று அவளை நான் திட்டியது எனக்கே மறக்கவில்லை, அவளுக்கு எப்படி மறக்கும்?

எங்களுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற தொழில். இந்தச் சித்திரையில் ஒரு கல்யாணச் சேலைக்கு அரக்கு நூல் கேட்டிருந்தார்கள். முறைத் தண்ணீர் வந்துவிடும் என்று நம்பி, இருந்த தண்ணீரையெல்லாம் கொப்பரையில் ஊற்றி நூலை இறக்கிவிட்டேன். அலசத் தண்ணீர் வைத்துக்கொள்ளாமல் இறக்குவது மடத்தனம். ஆனால் கொப்பரை கொதித்துவிட்டால் எந்தச் சாயக்காரிக்கும் கை சும்மா இருக்காது. சரியாக ஆறு மணிக்குக் கரண்ட் போனது. ஏழுக்குத்தான் வந்தது.

நூலைச் சாயத்திலேயே விட்டாலும், எடுத்து உடனே அலசாவிட்டாலும் திட்டுத் திட்டாகிவிடும். திரும்ப நூல் வாங்கிச் சாயம் போட நாளில்லை. நூல் கெட்டால் அந்த வீட்டார் மறுபடி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

இப்போது அவர்கள் முறை. குடங்கள் வரிசையாக நின்றன. நான் பூட்டைத் திறக்காவிட்டால் அவர்களுக்கும் தண்ணீர் இல்லை என்று ஒரு நொடி மனசு கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பூட்டைத் திறந்தேன்.

"கொப்பரையில நூலு கெடக்குது. அலச தண்ணி இல்ல" என்றேன். கெஞ்சல் எனக்கு வராது. அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எத்தினி கொடம்?"

"இருபது."

தன் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "ஊறப்போட்ட நெல்ல நேரத்துக்கு அவிக்கலன்னா நாறிப்பூடும்ல, அதே கததான் இதுவும். வூட்டுக்கு ஒரு கொடம் குடுங்க. ஜல்தி."

"அடிச்சிக்கினதெல்லாம் மறந்துட்டியா?" என்றது ஒரு குரல்.

"மறக்கல. நீ தண்ணியக் குடு."

ஒரு வருஷமாக எங்கள் தெருவில் கால் வைக்காதவர்கள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நூல் பிழைத்தது. ஒரே சீரான அரக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் மட்டும் போகவில்லை. அலசிய சிவப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வாக்கா" என்று சாக்கடை ஓரமாகவே கூட்டிப்போனாள். மில்லைச் சுற்றிப் போன தண்ணீர் அவள் வாசலில் தேங்கி நின்றது. படியெல்லாம் கறை. பக்கத்திலேயே, சாயம் இறங்கி யாரும் குடிக்காமல் விட்ட அவர்கள் கைப்பம்பு.

"இதக் கேக்கத்தான் சண்ட அன்னிக்கு வந்தோம். நீங்க தண்ணி புடுங்க வந்தோம்னு நெனச்சிக்கினீங்க."

எனக்குக் கோபம் வந்தது, என்மேலேயே. இத்தனை வருஷமாக அது எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

"எங்க பக்கத்துலயே தொட்டி கட்டி நிறுத்திடறோம். நாளைக்கே தோண்டலாம்" என்றேன்.

"மில்லு வுட்டதும் வர்றேன்."

வந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது.