படிக்கட்டு மணக்கிறது

புகைக்குள் நின்று வேலை செய்கிறவளுக்கு எந்த வாசனைத் தைலமும் உதவாது. எத்தனை தரம் முழுகினாலும், ஈரத் தலையைத் துவாயால் துடைக்கும்போதே அந்த மணம் திரும்ப எழும்பி வரும். தொண்ணூறுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், போடன் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் நடத்திய மீன் புகைக்கூடத்தில் நான் வேலை செய்தேன். அந்த மணத்தோடுதான் பேருந்தில் ஏறினேன், கடைக்குப் போனேன், மகளின் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால் எங்கள் சனமே என்னைவிட்டு ஒரு வாங்கு தள்ளித்தான் உட்கார்ந்தது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை. இருக்கிற வீட்டுக்கு ஆபத்து வந்தபோதுதான் எனக்கு விசர் பிடித்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மன்னாரில் பிறந்தவள் என்றதால் நான் மீனோடு வளர்ந்தவள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வேலை பிடித்துத் தந்த அலுவலகத்துப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். உண்மையில் நான் தட்டச்சுப் படித்து ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவள். எங்கள் வீட்டுக்கு மீன் வெட்டிக் கழுவித்தான் வரும். அதை விளங்கப்படுத்த என்னிடம் அப்போது ஜெர்மன் இல்லை. அந்தப் பெண் "தீவு, கடல், மீன்" என்று சொல்லி, கையை நெளித்து நெளித்து நீந்திக் காட்டினாள். சரியாகத்தான் நீந்துகிறாள் என்று நானும் தலையாட்டினேன். அடுத்த திங்கட்கிழமை என் கையில் கத்தி இருந்தது.

புகைக்கூடத்துக் குடும்பத்தில் மூன்று பேர். கிழவர் விடிய முன்னம் படகில் போய் வலை இழுத்து வருவார். மகன் வான் ஓட்டி உணவகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். புகைக்கூடமும் அதன் முன்னால் இருந்த சின்னக் கடையும் கிழவரின் மனைவியின் ஆட்சி. அவளை எல்லோரும் 'ஷெஃபின்' என்றுதான் கூப்பிட்டோம். முதலாளியம்மா என்று அர்த்தம். ஃபெல்கன் என்கிற வெள்ளி நிற ஏரி மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கம்பியில் கோத்து, பீச் என்கிற காட்டுமரத்தின் தூள் புகைகிற அடுப்புக்குள் தொங்கவிடுவது என் வேலை. தோல் பொன்னிறமானதும் அது கடைக்குப் போகும், நான் போகமாட்டேன். கடைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. அதைத் தாண்டக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. தாண்டி வா என்றும் சொன்னதில்லை.

நாங்கள் இருந்தது அந்த ஊரிலேயே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. அதற்கு முன்பு அகதிகள் விடுதியில் ஒரே அறை; ஒரு குசினிக்கு நாலைந்து குடும்பம். வீடு தேடி அலைந்த காலத்தில், தொலைபேசியில் ஓம் என்றவர்கள் எங்கள் முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்றார்கள். கடைசியாக இது கிடைத்தபோது என் மனிசன் கதவுத் திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே அன்றிரவு படுத்தார். இரண்டு அறை, ஒரு குசினி, யன்னலுக்குள்ளால் ஒரு துண்டு ஏரி. எனக்கு அதுவே தாராளமாய்க் காணும்.

எங்களுக்குக் கீழே இரண்டாம் மாடியில் ஒரு வயதான பெண் தனியே இருந்தாள். படிக்கட்டைத் துடைப்பதும், உடுப்புத் தோய்க்கிற அறைத் திறப்பு யாரிடம் நிற்கிறது என்று பார்ப்பதும்தான் அவளுடைய பொழுது. குடிவந்த புதிதில் ஒருநாள், வேலையால் களைத்து ஏறி வருகிறேன், அவள் கதவடியில் நிற்கிறாள். மூக்கை மேலே தூக்கி என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள்.

"ஷ்மொக்ட்."

எங்கள் ஜெர்மன் வகுப்பில் ஆரம்பப் பாடமே சாப்பாடுதான். 'ஷ்மெக்ட்' என்றால் ருசியாக இருக்கிறது. சுவிஸ்காரர் வகுப்பில் படிப்பிக்கிற ஜெர்மனைப் பேசுவதில்லை, எல்லாச் சொல்லையும் கொஞ்சம் கோணித்தான் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 'ஷ்மெக்ட்'தான் 'ஷ்மொக்ட்' ஆகியிருக்கிறது, எங்கள் குசினி வாசம் இந்த மனிசிக்குப் பிடித்துப்போயிற்று என்று நானே முடிவு கட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்து "டாங்கெ" என்றேன். நன்றி சொன்னால் போதுமா? நாங்கள் என்ன அப்படிப்பட்ட ஆட்களா?

தோல் கிழிந்த மீனை விற்க முடியாது என்று ஷெஃபின் எனக்குத் தருவாள். அதை உதிர்த்து, கிழங்கும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து கட்லட் பொரித்து, நல்ல பீங்கானில் அடுக்கிக்கொண்டு இறங்கிப்போய் அவளுடைய மணியை அடித்தேன். கதவைத் திறந்தாள். பீங்கானைப் பார்த்தாள். இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் "ஷ்மொக்ட்" என்றாள். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அடுத்த கிழமையும் கொண்டுபோனேன். அதற்கடுத்த கிழமை கொஞ்சம் மிளகாயைக் குறைத்துக் கொண்டுபோனேன், வயதான மனிசி என்று. அன்று அவள் பீங்கானை வாங்காமலே கதவைச் சாத்தினாள். உடம்புக்கு ஏதோ வருத்தமாக்கும் என்று திரும்பி வந்தேன்.

சில நாள் கழித்து வீட்டு நிர்வாகத்து மனிதர் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றபடியே பேசினார். எங்களுக்கு விளங்கியது பாதி. மிச்சத்தைப் பாலர் வகுப்பில் சுவிஸ் ஜெர்மனைப் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்த என் மகள் சொன்னாள். எங்கள் சமையல் மணம் கட்டடம் முழுக்கப் பரவுகிறதாம், கீழ் வீட்டுப் பெண் பலதரம் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லியும் நாங்கள் சிரித்துவிட்டுப் போகிறோமாம், அவளைப் பகிடி பண்ணுகிறதுபோல எண்ணெய்ப் பலகாரமும் கொண்டுபோய் நீட்டுகிறோமாம். மாத முடிவில் திரும்ப வந்து பார்ப்பார். அப்போதும் இப்படியே இருந்தால் நாங்கள் வேறு வீடு பார்க்கவேண்டும்.

"எங்கை சொன்னவா? ருசியெண்டெல்லோ சொன்னவா" என்றேன் மகளிடம்.

"இல்லையம்மா. ஷ்மொக்ட் எண்டால் மணக்குது எண்டு." பிள்ளை மூக்கைப் பொத்திக் காட்டினாள்.

அந்த நேரம் எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். மூன்று கிழமை என் கையால் உருட்டிப் பொரித்த கட்லட்டை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. மனிசன் வேறு மாதிரி. ஒரு கோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை அவருக்கு; பெரிய சட்டிக்குள் தலையைவிட்டுப் பழகி எதற்கும் குனிந்து போகலாம் என்று நினைக்கிற ஆள்.

"நீர் கொஞ்சம் பொறும். இனி இந்த மாசம் முடியுமட்டும் கறி புளி ஒண்டும் வேண்டாம். பாணும் சீஸும் திண்டால் செத்தா போவம்?"

ஓல்டனில் இருக்கிற அவருடைய அண்ணனும் தொலைபேசியில் அதையே சொன்னார். அங்கே அவர்களும் யன்னலைத் திறந்துவைத்து மெழுகுதிரி கொளுத்தித்தான் சமாளிக்கிறார்களாம். சரி என்று நானும் அடங்கினேன். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. அவித்த கிழங்கு, பாண், சீஸ், மறுபடி அவித்த கிழங்கு. மகள் சோறு கேட்டு அழுதாள். என் நாக்கு செத்துப்போயிற்று.

ஆனால் அந்தக் கிழமையும் கீழ் வீட்டுக்காரி படிக்கட்டு யன்னலை அகலத் திறந்து வைத்தாள். நான் ஏறிப் போகும்போது மூக்கைத் திருப்பினாள். அதே சொல்லைச் சொன்னாள். நான் நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குசினியில் ஒரு வெங்காயம்கூடத் தாளிக்கவில்லையே, இவளுக்கு எது மணக்கிறது? என் கோட்டின் கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பீச் மரத்தூள், உப்பு, ஃபெல்கன். அவளுடைய சொந்த ஏரியின் மீன், அவளுடைய சொந்த ஊர்ப் புகை. கறி மணம் என்று எங்கள் தலையில் கட்டியது அதைத்தான்.

அன்றிரவு கிழங்கை ஒதுக்கிவைத்துவிட்டு மனிசனிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்ப வேலையை விடுவம். மணம் போயிடுமெல்லோ" என்றார். அந்த நேரம் நான் அவரைப் பார்த்த பார்வையில் மனிசன் எழும்பிப்போய்ப் பல்லுத் தீட்டினார்.

கீழ் வீட்டுக்காரி சனிக்கிழமைகளில் எங்கள் புகைக்கூடத்துக் கடைக்கு வருகிறவள் என்று எனக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் நின்று அவளுடைய குரலைப் பலதரம் கேட்டிருக்கிறேன். ஆளைக் காணவில்லை என்றாலும், படிக்கட்டில் பழகிய குரல் மாறிப்போகாது. வெள்ளிக்கிழமை வேலை முடிய ஷெஃபினிடம் போய், நாளைக்கு நான் கடையில் நிற்கப்போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். காரணம் சொல்லாமல், நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, வாடிக்கையாளர்கள் பழகின முகத்தைத்தான் விரும்புவார்கள் என்றாள். கெட்ட மனிசி இல்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன்: "மீன் பழகிவிட்டார்கள். மீனைச் செய்கிற முகத்தையும் பழகலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் இல்லை." அவள் போகச் சொல்லியிருந்தால் வீடும் இல்லை, வேலையும் இல்லை. அவள் ஆணியில் தொங்கிய சுத்தமான ஏப்ரனை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் திரையைத் தாண்டி நின்றேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய மீன் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கியது. வந்த சனம் என்னை ஒருதரம் பார்த்தது, பிறகு மீனைப் பார்த்தது, வாங்கிக்கொண்டு போயிற்று. இவ்வளவுதானா என்று இருந்தது. கதவு மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரி கூடையோடு வந்தாள். முன்னால் ஒருவர் நின்றதால் என்னை அவள் காணவில்லை. வாசலிலேயே நின்று, கண்ணை மூடி, மூக்கை விரித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஆ... ஷ்மொக்ட்" என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

முன்னால் நின்றவர் விலகினார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "டாங்கெ" என்றேன்.

அவளுக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. நான் விடவில்லை. படிக்கட்டில் என்னோடு வருவதும் இந்த மணம்தான், இந்தப் புகையை நான்தான் போடுகிறேன், மாத முடிவில் அந்த மனிதர் வரும்போது நானும் இதே ஏப்ரனோடு வந்து நிற்பேன், கறி என்று ஒருதரம் என் முன்னால் சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். எத்தனை பிழையோடு சொன்னேனோ தெரியாது, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது. ஷெஃபின் தராசைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவளுடைய தோளில் தெரிந்தது. கீழ் வீட்டுக்காரி விரலால் இரண்டு ஃபெல்கனைக் காட்டினாள். தோல் கிழியாத இரண்டைப் பார்த்துச் சுற்றிக் கொடுத்தேன்.

மாத முடிவில் நிர்வாகத்து மனிதர் வந்தார். நான் சொன்னபடி வேலையால் நேரே வந்து, ஏப்ரனைக் கழற்றாமல், தலையைக்கூடக் கழுவாமல் படியில் நின்றேன். கீழ் வீட்டுக்காரியும் வெளியே வந்தாள். மனிதர் மூக்கை உறிஞ்சினார். ஓம், இப்போதும் மணக்கிறதே என்று அவளைப் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்தபடி, இது ஃபெல்கன் என்றாள். புகை போட்ட ஃபெல்கன், சமையல் இல்லை, நான் பிழையாக நினைத்துவிட்டேன் என்றாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். அதன்பிறகு நாங்கள் பல வருடம் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

அன்று பின்னேரம் குசினிக்குள் போய், குளிர்பெட்டிக்கு மேலே மூன்று பைக்குள் ஒளித்துவைத்திருந்த கட்டாக் கருவாட்டை எடுத்தேன். மாதக் கணக்காய்த் தொடாமல் வைத்திருந்தது. வெந்தயமும் உள்ளியும் தாளித்து, புளி கரைத்து, சட்டியில் விட்டேன். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க எழும்பியது. சமையல் மணம் என்றால் இதுதான். அவர்கள் இன்னும் அதைக் கண்டதே இல்லை.

"இஞ்சேரும், கதவு திறந்து கிடக்குது. சாத்தும்" என்றார் மனிசன்.

"சாத்தமாட்டன்" என்றேன். "மணக்கட்டும்."