தேசம்மா அக்கா, சிடி ஸ்கேன் ரூம்

தேசம்மா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, பிச்சாட்டூரில்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அவர் மகள் போனில் சொன்னாள். "சரிம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு, மெஷினில் ஓடிக்கொண்டிருந்த சாம்பிள்களை முடித்தேன். ரிப்போர்ட் அனுப்பினேன். டீ குடித்தேன். ஒன்றும் ஆகாதது போலவே இருக்கிறது...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அக்கா சிடி ஸ்கேன் டெக்னீஷியன். போன வருஷம்தான் வேலையை விட்டு ஊரோடு போனார். நான் லேபில் ரத்தம் பார்ப்பவன்.

கொரோனா சமயத்தில் அட்மிட் ஆகிறவர்களின் நுரையீரலை அக்கா படம் எடுப்பார். நான் டி-டைமர் பார்ப்பேன். உடம்புக்குள் எங்காவது ரத்தம் கட்டிக்கொள்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் அது. அவர் படமும் என் நம்பரும் சேர்ந்து டாக்டருக்குப் போகும்.

மூச்சை இழுக்கச் சொல்லும் குரல் ஸ்கேன் மெஷினிலேயே உண்டு, இங்கிலீஷில். அக்கா அதை ஆஃப் செய்துவிட்டு மைக்கில் அவரே பேசுவார். தெலுங்குக்காரர் என்றால் "ஊப்பிரி பீல்ச்சண்டி". நகரி, சத்தியவேடு பக்கம் என்றால், "மூச்ச இஸ்து அப்டியே புட்ச்சிக்கோப்பா... வுட்றாத, வுட்றாத... ஆங், வுடு."

இருமினால் படம் கலங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. அதற்காக யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

இரண்டாவது அலையில் அக்காவின் வீட்டுக்காரருக்கு வந்தது. ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அக்காவோடு வேலை செய்த இன்னொரு டெக்னீஷியனும் ஜுரத்தில் படுத்திருந்தார். அதனால் அக்காவேதான் தன் வீட்டுக்காரரைப் படம் எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் லேபுக்கு இன்டர்காம் அடித்தது.

"தம்பி, அவரோட டி-டைமர் வந்துட்ச்சா?"

வந்து அரைமணி ஆகியிருந்தது. நம்பர் அவ்வளவு அதிகம், நம்ப முடியாமல் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். "இன்னும் இல்லக்கா... பத்து நிமிஷம்" என்றேன்.

"செரி. எனக்கு இங்கயே தெரிஞ்சி பூட்ச்சி. நீ டாக்டருக்கு அனுப்பிடு."

சிடி படத்தில் நல்ல நுரையீரல் கறுப்பாகத் தெரியும். அவருடையதில் கறுப்பே அங்கங்கேதான் இருந்ததாம். நாலாவது நாள் போய்விட்டார்.

அடுத்த வாரம் அக்கா டியூட்டிக்கு வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, துன்னியா?" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அந்த வாரமே எங்கள் நைனா, என் அப்பா, அட்மிட் ஆனார். விஜயபுரத்தில் வேர்க்கடலை போடுகிற மனிதர்.

முதல் படம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது, டி-டைமர் ஏறிக்கொண்டே போனது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், ஊசியில் டை மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

நைனா ஸ்கேன் ரூம் வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் வரமாட்டேன். உள்ள போனவன் எவனும் பொழைக்கல. என்னை ஊருக்கு இட்டுக்கினு போடா." ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். கொரோனா பாதுகாப்பு கிட் போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் பேச்சைக் கேட்கவில்லை.

அக்கா வெளியே வந்தார். மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.

"நைனா, ஊசில மருந்து போவும்போது உடம்பெல்லாம் சூடாவும். ஒண்ணுக்கு வந்துட்டா மாதிரி இருக்கும். ஆனா வராது, பயப்படாத. என் வூட்டுக்காரரயே நாந்தான் இதுல படுக்க வெச்சி எடுத்தேன்."

நைனா கேட்டார், "அவரு இப்ப எப்டி கீறாரு?"

"நல்லா கீறாரு. நீ படு."

அந்த மனிதர் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

நைனா கம்பியை விட்டார்.

படத்தில் கட்டி இருந்தது, வலது பக்கம். அன்றைக்கே ரத்தம் உறையாமல் இருக்க மருந்தை ஏற்றினார்கள். இருபது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

ரெண்டு மாசம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது, அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். போனோம். உட்காரும் முன்னால் வீட்டுக்காரரைத்தான் விசாரித்தார்.

"அவரு அப்பவே இல்ல நைனா" என்றார் அக்கா. "உனக்குப் படம் எடுக்கணும்ல..."

நைனா கை கூப்பினார். அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடப் போனார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்... சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேன்.

இப்போதுதான் நைனாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்ப எடுக்கறாங்க?"

"நாளைக்குக் காலைல, பத்து மணிக்கு."

"நானும் வரேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், இட்டுக்கினு போ."

அக்கா... நாளைக்கு நானும் நைனாவும் வருகிறோம்.