ஈரச் சாக்கில் விழுந்த அடி

ஈரச் சாக்கை நாலாக மடித்துச் சுவரில் சாத்தி, தோல் பெல்ட்டால் ஓங்கி அடித்தால் மனித முதுகில் அடிப்பது போலவே கேட்கும். நாடகம் தயாரிப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா கொழும்பில் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமந்தவர். எங்கள் வீட்டில் சாக்கும் இருந்தது, பெல்ட்டும் இருந்தது, அம்மாவும் இருந்தாள்.

வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு தோட்டத்துக்குள். தோட்டம் என்றால் மரமும் பூவும் இல்லை. முதுகோடு முதுகு ஒட்டிய அறுபது வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் அடி விழத் தொடங்கினால் பக்கத்து வீடுகளில் டீவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அடிபடுகிறவளின் மானம் வெளியே போய்விடக் கூடாதாம். எல்லாம் ஓய்ந்த பிறகு யாராவது ஒரு கிண்ணத்தில் ஐஸ்கட்டி அனுப்புவார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஒரு போயா விடுமுறை, பௌர்ணமி நாள். சாராயக் கடை பூட்டியிருக்கும் என்று அப்பா முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். நான் கட்டிலின் கீழ் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்பா அம்மாவைத் தலைமயிரில் பிடித்து வாசல் நிலையில் மோதினார். இரண்டாவது மோதலில் தோள் எலும்பு முறிந்தது. உலர்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதே கணத்தில் பக்கத்து வீட்டில் கிரிக்கெட் வர்ணனை உயர்ந்தது. பிறகு அதற்கடுத்த வீட்டில். ஒரு நிமிடத்தில் தோட்டம் முழுவதும் சிங்களத்தில் கிரிக்கெட். அம்மா அலறியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்தப் பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பட்டம் வாங்கினேன், விளம்பர நிறுவனம் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்தேன், பிறகு நாடகத்துக்கு வந்தேன்.

அப்போது கொழும்பில் எங்கள் நாடகங்களுக்கு வருகிறவர்கள் எப்போதும் ஒரே எண்பது பேர். நடிகர்களின் சொந்தக்காரர்கள், சில ஆசிரியர்கள், அழைப்பிதழ் வாங்கிக்கொண்டு பாதியில் எழும்பிப் போகிற பெரிய மனிதர்கள். நான் சோற்றுப் பார்சல் சுற்றுகிற தாளில் முதற் காட்சியை அச்சடித்து வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தேன். சண்டை உச்சத்தில் இருக்கும்போது தாள் முடிந்துவிடும். பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் இரண்டு பேரைக் காதலர்களாகச் சண்டைபிடிக்க விட்டு, ரயில் வந்ததும் பிரித்து ஏற்றி, பார்த்து நின்றவர்களிடம் மிச்சத்துக்கு டிக்கட் விற்றேன். மண்டபம் நிரம்பத் தொடங்கியது.

"நாடகத்தைச் சவர்க்காரம் மாதிரி விக்கிறாள்" என்று ஒரு மூத்த இயக்குநர் என் காதில் விழும்படியே சொன்னார்.

"சவர்க்காரம் எல்லார் வீட்டுக்கும் போகுது, சேர்" என்றேன்.

மூன்றாவது தயாரிப்புத்தான் எனக்கு முக்கியம். மேடையில் ஒரு மூடிய கதவு. அதற்குப் பின்னால் ஒருவன் மனைவியை அடிக்கிறான், சத்தம் மட்டும் வரும். வெளியே அயலவர்கள் நின்று கறிக்கு உப்புப் போதுமா என்று கதைக்கிறார்கள். எழுதியவர் வேறொருவர்; ஆனால் வாசித்த அன்றே அது எங்கள் தோட்டம் என்று எனக்குத் தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். அது நடக்காவிட்டால் மண்டபம் நிறைந்தாலும் எனக்குத் தோல்விதான்.

விளம்பரம் முதலில் வெள்ளவத்தையில். காலி வீதிப் பெருந்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மாடியறை ஒன்றை ஒரு நாளைக்கு எடுத்தேன். பின்னேரம் ஐந்து மணி, சந்தைக்கு ஆட்கள் வருகிற நேரம். உள்ளே நடிகர், நடிகை, ஒரு ஈரச் சாக்கு. நடிகர் பகலில் வங்கியில் வேலை பார்க்கிற, எறும்பையும் மிதிக்காத மனிதர். நடிகை புடவைக் கடையில் நிற்கிறவள். அலறினால் கடல் பக்கம் காகம் பறக்கும்.

பத்து நிமிடத்தில் ஒழுங்கை அடைபட்டது. கீழே கூட்டத்துக்குள் நான் நின்றேன்.

"பொலிசுக்கு அடியுங்கோவன் ஆராவது!"

"நீங்கள் அடியுங்கோ, என்ர போனில சார்ஜ் இல்லை."

"மேல ஏறி அவன்ர கையை முறிக்க வேணும்."

"ஏறுங்கோ அப்ப. ஆர் மறிச்சது?"

ஒருவரும் ஏறவில்லை. ஆனால் கல் பறந்தது. கண்ணாடி உடைந்து நடிகையின் முழங்கையைக் கீறியது. அப்போது ஜன்னலிலிருந்து சிவப்புத் துணி விழுந்தது: 'மிச்சம் சனிக்கிழமை ஆறரைக்கு, மண்டபத்தில்.' சிலர் சிரித்தார்கள். காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே வந்து, "விசரே பிள்ளை உனக்கு? என்ர நெஞ்சு வெடிச்சிருக்கும்" என்று ஏசி, அதே மூச்சில் இரண்டு டிக்கட் கேட்டார். இரண்டு நாளில் பாதி மண்டபத்து டிக்கட் போய்விட்டது.

மற்றப் பாதியை நான் கொட்டாஞ்சேனைக்கென்று வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்டத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த வீட்டில் அதையே செய்தோம். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கிறாள், ஏழு மணிக்கு முன் வரமாட்டாள். சொன்னால் செய்தி குழாயடிக்குப் போய்விடும்.

பெல்ட் விழுந்தது. நடிகை அலறினாள். நான் குழாயடியில் நின்று கூட்டத்துக்காகக் காத்திருந்தேன்.

முதல் டீவி உயர்ந்தது. பிறகு இரண்டாவது. ஒரு தொடர் நாடகம், ஒரு பாட்டு, ஒரு செய்தி. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒழுங்கை வெறிச்சோடிப் போனது. நான் பிறந்து வளர்ந்த இடம் இது. ஆனால் இரண்டு வருடம் வெள்ளவத்தைக் கூட்டத்தையே பார்த்துப் பழகியதில், சத்தம் கேட்டால் ஆட்கள் கூடுவார்கள் என்று நானும் நம்பிவிட்டேன். கூட்டம் வராததால் உள்ளே இருந்தவர்கள் நிறுத்தவில்லை. கூட்டம் சேர்ந்ததும் ஜன்னலில் தட்டுவேன் என்று சொல்லியிருந்தேன். நடிகை இன்னும் உரத்து, "அய்யோ, யாராவது வாங்களேன்" என்று கதவைத் தட்டத் தொடங்கினாள்.

யாரோ வந்தார்கள். அம்மா.

அன்று அவளை நேரத்தோடு அனுப்பிவிட்டிருந்தார்கள். தோட்டத்துத் தலைவாசலில் நின்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக்குள் போய் உலக்கையோடு வெளியே வந்தாள். நான் "அம்மா!" என்று கத்தியது டீவிகளுக்குள் போய்விட்டது. மூன்று இடியில் கதவுத் தாழ்ப்பாள் பிய்ந்தது. நான் உள்ளே பாயும்போது நடிகரின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. அம்மா மறுபடியும் ஓங்கினாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அப்பாவை ஒரு நாளும் அவள் திருப்பி அடித்ததில்லை. அவர் செத்து ஆறு வருடம்.

நான் உலக்கையில் தொங்கினேன். நடிகை, "அக்கா, நடிப்பு! நடிப்பு!" என்று சாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா சாக்கைப் பார்த்தாள். பிறகு என்னை. உலக்கையைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள். என் வாழ்க்கையில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். காது இரண்டு நாள் ரீங்கரித்தது.

"எத வச்சுடீ நாடகம் விக்கிற நீ?" என்றாள்.

நான் ஓட்டோ பிடிக்க ஓடினேன்.

நடிகருக்கு நெற்றியில் ஏழு தையல், கையில் மாவுக்கட்டு. நாடகத்தை நிறுத்துவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். "விசர்க்கதை கதைக்காதை" என்றார் அவர். "பெல்ட் பிடிக்கிறது வலது கை."

வியாழக்கிழமை அவரே தோட்டத்துக்கு வந்தார், கட்டோடு, அம்மாவை அழைக்க. குழாயடிப் பெண்கள் குடங்களை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இவரா அது? ஐயோ, பாவம், பச்சப் புள்ள மாதிரி இருக்காரு."

"அக்கா, நல்லாத்தான் குடுத்திருக்க!"

"தம்பி, எங்க பக்கத்துல பொண்ணு கிண்ணு பாக்க வந்துறாதீங்க."

அம்மா வாசலில் நின்று தேத்தண்ணீர் கோப்பையை நீட்டினாள். "வலிக்குதா?" என்றாள். "ஓம் அம்மா, நல்ல அடி" என்றார். அவள் சிரிக்கவில்லை. வருவதாகவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதரை மேடையில் பார்க்கத் தோட்டமே டிக்கட் கேட்டது. இந்த விளம்பரத்தை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் பயன்படுத்திக்கொண்டேன், அதை மறைக்கமாட்டேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. இடது பக்கம் வெள்ளவத்தை, வலது பக்கம் எங்கள் தோட்டம். அம்மா கடைசி நிமிடத்தில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கதவு மூடியது. முதல் அடி விழுந்தது.

வலது பக்கம் கதைக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா பின்னால் திரும்பி, "நேத்து மீன் என்னா வெல?" என்று உரக்கக் கேட்டாள். இன்னொருத்தி பதில் சொன்னாள். ஒருத்தி இருமினாள். ஒருத்தி மடியிலிருந்த பிள்ளைக்குச் சத்தமாகக் கதை சொன்னாள். அடி கூடக் கூடப் பேச்சும் கூடியது. டீவி இல்லாத இடத்தில் அவர்கள் தங்கள் வாயால் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். நாடகம் அந்தப் பேச்சுக்குள் மூழ்கியது.

"கதைக்காதேங்கோ!" என்று இடது பக்கமிருந்து ஒருவர் கத்தினார். "இதுகளுக்கு நாடகம் பாக்கத் தெரியாது."

அந்த மனிதரின் பல்லை உடைக்க வேண்டும் போல் இருந்தது. பக்கத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அம்மா எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏய், மீன் வெலைய நாளைக்குக் கேளு. அங்க ஒருத்திய அடிக்கிறான். காதுல விழலயா?"

"விழுது அக்கா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "அதனாலதானே…"

"விழுதுன்னா கேளு. எனக்கு அடி விழுந்தப்பவும் கேட்டுச்சுதானே?"

வலது பக்கத்தில் பேச்சு நின்றது. கதவுக்குப் பின்னால் பெல்ட்டும் நின்றுவிட்டது. அம்மாவின் குரல் நடிகருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அடிங்க தம்பி," என்றாள். "இவங்க கேக்கட்டும்."

அவள் உட்காரவில்லை. பிறகு பெல்ட் ஈரச் சாக்கில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.