நான்காம் நம்பர் பாட்டில்

பெத்ரோனா சகல்ஷோத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் மலையூரான ஷேலாவிலேயே நான் பார்த்ததில்லை. நாய் என்றால் பயம். இடி என்றால் பயம். ஏணியில் இரண்டு படி ஏறினாலே முகம் வெளுத்துவிடும். எங்கள் சோடா கம்பெனியில் பாட்டில் பரிசோதிக்கும் இயந்திரத்தின் கண்களை அளந்து சரிசெய்யும் வேலையை அவளிடம் கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். 'கண் டாக்டர்' என்று பட்டப்பெயர் வேறு வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையை ஒரு தைரியசாலியிடம் கொடுத்திருந்தால் நான் வேலையை விட்டே போயிருப்பேன்.

கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களைச் சுடச்சுட காஸ்டிக் நீரில் கழுவுவோம். தொண்டையில் பட்டால் வெந்துபோகும், அப்படிப்பட்ட நீர். அலசி வந்த பாட்டில், சோடா நிரப்பும் முன் ஒரு இரும்புப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வரும். பெட்டிக்குள் கேமராக்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாட்டிலின் அடிவழியாகப் பாய்ச்சும் சென்சார் ஒன்றும் இருக்கிறது. அடியில் காஸ்டிக் தங்கியிருந்தால் ஒளி மங்கும். உடனே ஒரு சின்ன இரும்புக் கை அந்தப் பாட்டிலை ஓரத்துத் தட்டில் தள்ளிவிடும். அந்தப் பெட்டி வரும்வரை நான்தான் அந்தப் பெட்டி. வெளிச்சத் திரைக்கு முன் உட்கார்ந்து பதினோரு வருஷம் பாட்டில் பார்த்தவள் நான், ஒதீலியா.

இயந்திரத்தை நம்ப பெத்ரோனாவிடம் ஒரு வழி இருந்தது. மணிக்கு ஒரு முறை, கழுத்தில் சிவப்புக் கோடு போட்ட ஆறு பாட்டில்களை நல்ல பாட்டில்களின் நடுவே அனுப்புவாள். ஒன்றுக்கு வாய் உடைந்திருக்கும், ஒன்றில் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். நான்காம் நம்பரில் அடியை மூடும் அளவு காஸ்டிக் இருக்கும். ஆறையும் இயந்திரம் பிடித்துத் தள்ள வேண்டும். தட்டருகே நின்று நான் எண்ணி, "ஆறு!" என்று கத்துவேன். அதற்குப் பிறகுதான் அவள் மூச்சே விடுவாள்.

செப்டம்பர் திருவிழா வாரம், வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து ஒரே குளிர். பாட்டில் அடியில் பனி படிந்ததால், சென்சார் அதைத் தண்ணீர் என்று நினைத்து நல்ல பாட்டில்களையும் தள்ளிக்கொண்டிருந்தது. தட்டு நிரம்பி வழிந்தது. வாசலில் லாரி நின்றது. எங்கள் இன்ஜினியர் ஃபாவுஸ்டோ வந்தார். ஆள் நல்லவர்தான், ஆனால் திருவிழா வந்தால் கண் தெரியாது.

"என்ன டாக்டரம்மா, உங்க இயந்திரத்துக்கு இன்னைக்கு எல்லாத்து மேலயும் சந்தேகமா? கொஞ்சம் தளர்த்தி விடுங்க."

"தளர்த்தினா ஆறு பாட்டிலையும் திரும்ப விட்டுப் பாக்கணும் இன்ஜினியரே."

"அதான் பத்து மணிக்கு எப்படியும் விடப்போறீங்களே. இப்ப ஒன்பதே கால். முக்கால் மணி நேரத்துல உலகம் அழிஞ்சிடாது."

பெத்ரோனா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். இதை எழுதும்போதும் அந்தத் தோளை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இரண்டு புள்ளி தளர்த்தினாள். தட்டு காலியானது, ஃபாவுஸ்டோ சீட்டியடித்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு ஆறு பாட்டில் உள்ளே போயின. நான் எண்ணினேன். ஐந்து. மறுபடியும் எண்ணினேன்.

"பெத்ரோனா, அஞ்சுதான்டீ இருக்கு."

"விளையாடாதே ஒதீலியா."

"நாலாம் நம்பரைக் காணோம்."

உள்ளே சிக்கியிருக்கும் என்று அவள் பெட்டியின் அடியில் குனிந்து தேடினாள். அதில்தான் நான்கைந்து நிமிஷம் போய்விட்டது. பிறகு அவளே ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்து எல்லாவற்றையும் நிறுத்தினாள். அதற்குள் நான்காம் நம்பர் ஆரஞ்சு சோடா நிரப்பிக்கொண்டு, மூடி போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கிரேட்டில் ஏறியிருந்தது. தரையிலிருந்த கிரேட்டுகளை எல்லோரும் சேர்ந்து அரைமணி நேரம் கலைத்தோம். இல்லை. திருவிழா அவசரத்தில் வரிசையிலிருந்து நேராகவே லாரியில் ஏற்றியிருந்தார்கள். லாரி காய்கறிச் சந்தை ஊரான அல்மொலோங்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. ஓட்டுநர் தெல்ஃபினோவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

என் மோட்டார் சைக்கிளில் அதைத் துரத்திக்கொண்டு மலையிறங்கினோம். மலைச்சரிவு, வளைவுக்கு வளைவு காய்கறி லாரிகள். வழக்கமாக என் வண்டியில் ஏறவே பயப்படுகிறவள், "வேகமாப் போடீ, வேகமாப் போ" என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

சந்தை முனையில் முதல் கடைக்கு முன்பே லாரி நின்றது. தெல்ஃபினோ வாழையிலையைப் பிரித்து, உருளைக்கிழங்கு மாவை இலையில் வேகவைத்த பாச்சே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை கிரேட் இறக்கினே?"

"ஒண்ணுதான், ஏன்? யாராவது செத்துட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரி கசில்டா கம்பிவலைக்குப் பின்னால் நின்றாள். கிரேட்டில் ஐந்து பாட்டில் குறைந்திருந்தது. காலி பாட்டில்கள் நான்கு ஓரமாக இருந்தன. எதிலும் சிவப்புக் கோடு இல்லை.

"நாலு வித்தேன்," என்றாள் கசில்டா. "வழக்கம்போலப் பையில ஊத்தி ஸ்ட்ரா போட்டுக் குடுத்தேன். பாட்டிலைக் குடுத்துட்டு நான் என்ன பண்றது?"

"அஞ்சாவது எங்கேம்மா?"

அவள் சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்தாள். பெத்ரோனா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகுதான், கசில்டா கல்லாவின் அடியிலிருந்து அதை எடுத்தாள். மூடி திறக்காமல், சிவப்புக் கோட்டோடு.

"திருவிழாப் பரிசு பாட்டில்னு நெனச்சேன். போன வருஷம் கோடு போட்ட பாட்டிலுக்குக் குடம் பரிசு குடுத்தீங்களே. என் பரிசை எடுத்துட்டுப் போயிடாதீங்க."

பெத்ரோனா அந்தப் பாட்டிலைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது எதிர்ப்பக்கம் ஒரு சிறுமி பையிலிருந்து சோடா உறிஞ்சிக்கொண்டு போனாள். பெத்ரோனா பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினாள். பிள்ளை அலறியது. பெத்ரோனா தன் சட்டைப்பையிலிருந்து சோதனைக் காகிதம் ஒன்றை எடுத்துச் சோடாவில் முக்கினாள். சிவந்தால் நல்ல சோடா, நீலமானால் காஸ்டிக். சிவந்தது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே போனை எடுத்தாள்.

"கிடைச்சிடுச்சு இன்ஜினியரே. ஆனா லாரியைத் திருப்பணும்."

ஃபாவுஸ்டோ கத்தியது எனக்கே கேட்டது. "கிடைச்சிடுச்சுன்னா அப்புறம் என்னம்மா?"

"கோடு போட்டதால இது கிடைச்சது. இதை விட்ட சென்சாரு, முக்கால் மணி நேரமா வேற எதை விட்டுச்சோ? அதுக்கெல்லாம் யாரு கோடு போட்டா?"

"நீங்கதான் தளர்த்தினீங்கன்னு அறிக்கையில எழுதவேண்டி வரும். தெரியுதா?"

"எழுதிக்கங்க," என்றாள். போனை வைத்ததும் சாக்கடையோரம் போய் வாந்தி எடுத்தாள். தெல்ஃபினோ பாதிப் பாச்சேயைச் சுருட்டி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மதியத்திலிருந்து ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, காகிதத்தை முக்கி, சாக்கடையில் ஊற்றினோம். தளம் முழுக்க ஆரஞ்சு வாடை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. "பாத்தீங்களா, வீண் பயம்" என்று ஃபாவுஸ்டோ பத்து கிரேட்டுக்கு ஒரு தடவை சொன்னார். அறுபத்தோராவது கிரேட்டில் என் கையிலிருந்த காகிதம் நீலமானது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். கருநீலம். கழுத்தில் கோடில்லை. எல்லாப் பாட்டிலையும் போல ஒரு பாட்டில். ஃபாவுஸ்டோ கவிழ்த்துப்போட்ட கிரேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு காகிதம் முக்குங்க," என்றார் மெல்ல.

அதுவும் நீலமானது. வேறெதிலும் இல்லை. ஃபாவுஸ்டோ அறிக்கையில் தன் பெயரை முதலில் எழுதினார். இதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

எல்லோரும் ஒன்று பிடிபட்டதே என்று மூச்சுவிட்டார்கள். பெத்ரோனா விடவில்லை. விற்றுப்போன நான்கில் மூன்றைக் குடித்தவர்கள் கடைத்தெருக்காரர்கள், நன்றாகவே இருந்தார்கள். நான்காவது ஆள் கேரட் மூட்டையோடு பையைக் கையில் பிடித்தபடியே கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தான். பெயர் கசில்டாவுக்குத் தெரியாது. நீலத் தொப்பி, ஒரு கால் சாய்த்து நடப்பான், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருவான், அவ்வளவுதான். வெள்ளியும் சனியும் பெத்ரோனா ஒரு வாய் சாப்பிடவில்லை. "பஸ்ஸுலேயே விழுந்திருந்தா யாரு நமக்குச் சொல்லப்போறா?" என்று இருபது தடவை கேட்டாள்.

ஞாயிறு விடிகாலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சந்தை முனையில் நின்றாள். எட்டரைக்கு ஒரு நீலத் தொப்பி, கேரட் குவியலுக்குப் பின்னால், தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தது.

"கேரட்டேய்! இளசான கேரட்டேய்!"

அந்தத் தொண்டையைக் கேட்டதும் பெத்ரோனா நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்த ஆள் பதறிப்போய், ஒரு காலைச் சாய்த்துக்கொண்டே ஓடிவந்தான். "யாரும்மா நீ? எங்கிட்ட ஏதாவது வாங்கி ஏமாந்துட்டியா?" என்று கேட்டான். அழுகை நிற்காததால் கசில்டா கடையில் ஒரு ஆரஞ்சு சோடா வாங்கிப் பையில் ஊற்றிவந்து கொடுத்தான்.

பெத்ரோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முக்கிப் பார்த்தாள். சிவந்தது. அப்புறம்தான் குடித்தாள்.