பிளாக்பெரி புதரை மொட்டையடித்த சனிக்கிழமை

வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம். மெல்பேர்னின் தென்கிழக்கு விளிம்பில், ஒரு வாய்க்கால் கரையில், பாண்டிகூட்டுக்காகச் செடிகள் நட்டு ஒரு காரிடார், அதாவது புதர்ப்பாதை, அமைத்துக்கொண்டிருந்தோம். பாண்டிகூட் முயலைவிடச் சிறியது, குட்டியைப் பையில் சுமப்பது. நரிக்குப் பயந்து அடர்ந்த புதருக்குள்ளேயே வாழும். துண்டுபட்ட இரண்டு காடுகளைப் புதரால் இணைத்தால்தான் அது பிழைக்கும்.

கரை முழுவதும் பிளாக்பெரி முள். களைதானே! மேலாளர் மீனா அக்கா, ரிப்பன் கட்டி எல்லை குறித்த ஒரு குறுகிய பட்டையை மட்டும் வெட்டச் சொல்லியிருந்தார். எனக்கோ அவசரம். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்தவர்களை உதவிக்குக் கேட்டேன்.

"பெருச்சாளிக்கோ காடு வளக்கிறீர், பிள்ளை?" ரோவில் என்ற புறநகரிலிருந்து வரும் சிவா அங்கிள் சிரித்தார்.

"பெருச்சாளி இல்லை அங்கிள். இது வேற சாதி."

"பிள்ளையாற்ற வாகனத்துக்குத் தூரத்துச் சொந்தம் எண்டு வையுமன். வாறம்."

மறுநாள் இருபது பேர் வந்தார்கள். சிரமதானம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை நிற்காது. ரிப்பனைத் தாண்டி வெட்டியதைப் பார்த்தேன், தடுக்கவில்லை. வேலை முடிகிறதே என்று மகிழ்ந்தேன். பதினொரு மணிக்கு வெறும் மண்தான் மிச்சம்.

"பாரும், கூட்டி விட்ட கோயில் வீதி மாதிரி!" என்றார் அங்கிள்.

மதியம் மீனா அக்கா காரிலிருந்து இறங்கி அப்படியே நின்றார்.

"நாம வச்ச செடி எவ்ளோ உயரம்?"

"முழங்கால் அளவுகூட இல்லை அக்கா."

"அப்போ இன்னிக்கு சாயங்காலம் அது எங்க ஒளியும்?"

போன வாரம்தான் கரையில் நாங்கள் பொருத்தியிருந்த கேமராவில் ஒரு தாய் பதிவாகியிருந்தது, பை கனத்துத் தொங்க.

"உது நாயின்ர காலடியோ?" அங்கிள் ஈர மண்ணைக் காட்டினார்.

"நரி," என்றார் அக்கா.

வெட்டிய முள்ளையெல்லாம் திரும்பச் சுமந்தோம். அடியில் மரக்கிளை, மேலே முள் என்று குவியல் குவியலாக அடுக்கினோம். கையுறைகள் கிழிந்தன. ஒருவரும் பகிடி விடவில்லை. "இது திரும்ப வேர்விடுமே அக்கா?" என்றேன். "விடட்டும்" என்றார். பொழுது சாயும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தோம்.

மூன்று நாள் கேமராவில் நரி மட்டுமே வந்தது. ஒவ்வொரு காலையும் மெமரி கார்டைச் செருகிப் பார்த்தேன். நான்காம் நாள் ஒரு குவியலின் அடியிலிருந்து கூரிய மூக்கு ஒன்று நீண்டிருந்தது. அந்தத் தாய்தானா? தெரியாது. இன்றுவரை தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நட்ட செடி மறைப்பாக வளரும்வரை களையை மொத்தமாக வெட்டாதீர்கள். அவசரம் எனக்குத்தான் இருந்தது. பாண்டிகூட்டுக்கு இருந்ததெல்லாம் அந்த முள் ஒன்றுதான்.