தாகம் எடுக்காத வீரலட்சுமி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற நெடுஞ்சாலையில், குருபரப்பள்ளி வருவதற்குச் சற்று முன்னால், வீரலட்சுமி கூடை வைத்து வெள்ளரிக்காய் விற்றாள். கோடை முடிந்தால் கொய்யாப்பழம், அதற்கப்புறம் வேகவைத்த கடலை. அறுபதைத் தாண்டிய பெண். புருஷன் கரியப்பன் இருந்த காலத்தில் இரண்டு பேரும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவன் போன பிறகு, ‘வா’ என்றும் ‘போ’ என்றும் யாரும் அதட்டாத பிழைப்பாக ஒன்று வேண்டும் என்று அவளே தேடிக்கொண்டது இந்தக் கூடைக்கடை.

அப்போது சாலை ஒடுக்கமாக இருந்தது. கடைக்குப் பின்னால் புளியமரங்கள், மரங்களுக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர். விற்கிற பெண்கள் ஒதுங்குவதற்கு அதுதான் மறைவு. நான்குவழிச் சாலை போட வந்தவர்கள் மரங்களை அறுத்தார்கள். புதரை வேரோடு சுரண்டி எடுத்தார்கள். கார்கள் பெருகின, வியாபாரமும் பெருகியது. சாலையை எல்லோரும் பாராட்டினார்கள், வீரலட்சுமி உட்பட. ஆண்கள் எப்போதும்போல வண்டியை ஓரங்கட்டி, நின்றபடியே வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அந்த வழிக்கு வந்து சேர்ந்தாள். வீரலட்சுமி காலையில் ஒரு டம்ளர் டீ குடிப்பாள். அதோடு சரி, இருட்டி வீடு திரும்பும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வாய் காய்ந்தால் வெற்றிலை. தான் விற்கிற வெள்ளரிக்காயைக்கூடத் தின்னமாட்டாள், அதில் இருப்பதும் தண்ணீர்தானே என்று. முதல் கோடையில் தொண்டை எரிந்தது. அடுத்தடுத்த கோடைகளில் அந்த எரிச்சலும் அடங்கிப்போயிற்று. “ஒடம்பு சொன்ன பேச்சு கேக்குது” என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். வயது ஏறினால் தாகம் தானாகவே மங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதும் தெளிவாக இல்லை.

சில மாதங்களாக, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. பித்தம் என்று அவளே பெயர் வைத்து, மகனிடம் மறைத்தாள். பிரஷருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டாள். மகன் பிரேம்குமார் ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்தான்; மனைவியோடு அங்கேயே லைன் வீட்டில் குடியிருந்தான். வருகிறபோதெல்லாம் “கடைய உட்டுட்டு எங்களோட வந்துரும்மா” என்பான். ஒருமுறை போய்த் தங்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே அவளுக்கு இருந்த வேலை. தலைசுற்றல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கதவுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

கடையில் அவளுக்கு மூன்று பாஷை. வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்ததும் நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். பெங்களூர் வண்டிக்குக் கன்னடம், ஆந்திர வண்டிக்குத் தெலுங்கு, மற்றதுக்குத் தமிழ். பக்கத்துக் கூடைக்காரி சம்பங்கியோடு பேசுவது பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி மற்றவளைப் பெங்களூர்ப் பணக்காரியாக பாவித்து, “எஷ்டு பேக்கு?” என்று கன்னடத்தில் எத்தனை வேண்டும் என்று கேட்பாள். மற்றவள் மூக்கைச் சுளித்து, இது கசக்கும், அது முற்றல் என்று பேரம் பேசுவாள். ஆரம்பித்தவளே முதலில் சிரித்து ஆட்டத்தைக் கெடுப்பாள்.

2005ஆம் வருஷத்துக் கத்திரி வெயிலில் ஒரு நாள், வீரலட்சுமி சம்பங்கியைத் திரும்பிப் பார்த்து, “எஷ்டு பேக்கு?” என்றாள்.

சம்பங்கி முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். “காரு டிக்கி நெறைய வேணும். எங்க ஊட்டுக்காரரு வெளிநாட்டுல இருந்து வர்றாரு.”

வீரலட்சுமி ஒரு காயை எடுத்துச் சீவி, நாலாய்ப் பிளந்து, மிளகாய்ப்பொடி தடவி நீட்டினாள். சம்பங்கி வாங்கித் தின்றாள். இலவசக் காய் கிடைத்த விளையாட்டு அதுவரை நடந்ததில்லை.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நாமக்கல்காரர். அவரிடமும் வீரலட்சுமி கன்னடத்திலேயே பேசினாள்.

“என்னம்மா, என் மூஞ்சியப் பாத்தா பெங்களூரு மாதிரியா தெரியுது?”

“அக்கா இன்னிக்கி கன்னடந்தான் பேசும். வேண்டுதலு” என்றாள் சம்பங்கி. லாரிக்காரர் சிரித்தார். சம்பங்கியும் சிரித்தாள்.

வேறு ஊராக இருந்திருந்தால், ஒரு பெண் திடீரென்று பாஷை மாற்றிப் பேசியதும் பக்கத்திலிருப்பவர்கள் பயந்திருப்பார்கள். இங்கே காலையில் பால் ஊற்றுகிறவரிடம் ஒரு பாஷை, பஸ்ஸில் இன்னொன்று, கம்பெனி வாசலில் வேறொன்று. அவள் புத்தி தடுமாறியதை யாரும் கவனிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

“எஷ்டு பேக்கு?” என்று வீரலட்சுமி மறுபடியும் சம்பங்கியைக் கேட்டாள். அதே குரல், அதே முகம். பதிலுக்காகக் கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அப்போதுதான் சம்பங்கிக்கு உறைத்தது: அக்கா இன்னும் சிரிக்கவில்லை.

“அக்கா, போதும் ஆட்டம். நான் யாரு, சொல்லு.”

வீரலட்சுமி பார்த்தாள். அந்தப் பார்வையில் தெரிந்தவர்களைப் பார்க்கிற அடையாளமே இல்லை. கடைவாயில் அடக்கிய வெற்றிலை மெல்லப்படாமலே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கு வெடித்த களிமண் போல இருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. சம்பங்கி தன் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தாள். வீரலட்சுமி உதட்டை இறுக மூடி, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாம்” என்றாள், இந்த முறை தெலுங்கில். “பொழுது சாயட்டும்.”

யார் யாரென்று மறந்துபோயிருந்தது. தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை.

“அண்ணா, வண்டி எடுங்கண்ணா!” என்று சம்பங்கி கத்தினாள். லாரிக்காரர் பாதி தின்ற காயைப் போட்டுவிட்டு, வீரலட்சுமியைத் தூக்கி லாரியின் முன் இருக்கையில் உட்கார வைத்தார். கூடைகள் வெயிலில் அப்படியே கிடந்தன.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டில் இறங்கியபோது அவள் சம்பங்கியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். கம்பெனிச் சட்டையோடு பிரேம்குமார் வந்து நின்றிருந்தான்.

“கடைசியா எப்பம்மா யூரின் போனீங்க?” என்று டாக்டர் கேட்டாள். இளவயதுப் பெண்.

வீரலட்சுமி மகனைப் பார்த்தாள். டாக்டர் புரிந்துகொண்டு அவனை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

“நேத்து ராத்திரி, கண்ணு.”

“என்ன நெறத்துல போச்சு?”

“வரக்காப்பி மாதிரி.”

“பிரஷருக்கு மாத்திரை சாப்புடறீங்கள்ல? அதுல ஒன்னு நீரை வெளிய தள்ற மாத்திரை. அதையும் போட்டுக்கிட்டு, தண்ணியும் குடிக்காம, இந்த வெயில்ல உக்காந்திருக்கீங்க.”

“தாகமே எடுக்கறதில்லயே கண்ணு.”

“எடுக்காது. வயசானா தாகம் லேட்டாத்தான் வரும், சில பேருக்கு வராமலே போயிடும். அதை நம்பாதீங்க. தாகம் இல்லேன்னாலும் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க. மூத்திரம் வெளுப்பா போகுதான்னு பாருங்க. காப்பி நெறத்துக்கு வந்தாலோ, எழுந்தா தலை சுத்தினாலோ, காலு இழுத்தாலோ பித்தம்னு விட்டுடாதீங்க. மாத்திரையை நான் பாத்து மாத்தித் தர்றேன், நீங்களா நிறுத்தக் கூடாது. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. தேறிடும். இன்னொரு தடவை இப்படி ஆனா தேறுமான்னு என்னால சொல்ல முடியாது.”

டீ குடித்துவிட்டு வந்த பிரேம்குமாரிடம் சம்பங்கி எல்லாவற்றையும் சொன்னாள். “முடிஞ்சிது. இனிமே கடை கெடயாது.”

“கடை என்னடா பண்ணிச்சு? குடிக்காதன்னு அதா சொல்லிச்சு?”

“குடிச்சா எங்க போவ? சொல்லு. ரோட்டுலயா?”

மரங்கள் போன நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவன் கோபத்தில்தான் கேட்டான். கேட்டபிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“போறதுக்கு ஒரு எடம் காட்டு. அப்பறம் கடையில குந்து” என்றான் கடைசியில். “இல்லேன்னா என்னோட வந்துரணும்.”

இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. சாலையோடு சேர்ந்து வந்த பெட்ரோல் பங்க் ஒன்று, கூப்பிடு தூரத்தில். அதன் பின்பக்கம் கக்கூஸ், எப்போதும் பூட்டியிருக்கும். சாவி மேனேஜர் கிருஷ்ணப்பனிடம். கூடைக்காரிகள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்பதென்றால் அத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

உடம்பு தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பங்க்குக்குப் போனாள். கூடவே சம்பங்கி. பிரேம்குமார் பைக்கைச் சாலையோரம் நிறுத்தி, அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னம்மா, வெள்ளரிக்காயா? இப்ப வேணாம்” என்றார் கிருஷ்ணப்பன்.

“காய் இல்ல. சாவி.”

“எந்தச் சாவி?”

பெட்ரோல் போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரலட்சுமிக்குக் காது சுட்டது.

“பின்னாடி கக்கூஸ் சாவி. ஒன்னுக்குப் போவணும். இன்னிக்கி மட்டுமில்ல, தெனமும்.”

“அது கஸ்டமருக்கும்மா.”

“ஏன் சார்” என்று சம்பங்கி குறுக்கிட்டாள், “எங்க கூடையில கைய உட்டு எடுத்துத் தின்னும்போது, நீங்க கஸ்டமரான்னு நாங்க கேட்டமா?”

பம்ப்புக்குப் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். கிருஷ்ணப்பன் அவனை முறைத்தார். பிறகு, “கழுவறது யாரு?” என்றார்.

“நாங்க கழுவறம்” என்றாள் வீரலட்சுமி.

“பூட்டாம உட்டா லாரிக்காரனுங்க நாறடிச்சிருவானுங்க.”

“பூட்டறம்.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். கையில் கொடுக்கவில்லை, மேஜைமேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

சாலையோரத்தில் மகனிடம் அதைக் காட்டினாள். பிரேம்குமார் சாவியைப் பார்த்தான், பங்க்கைப் பார்த்தான். “தலை சுத்தினா மறைக்கக்கூடாது” என்றான். “மறைச்சன்னு தெரிஞ்சா அன்னிக்கே கூட்டிக்கினு போயிருவன்.”

“சரிடா.”

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போனான். சம்பங்கி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“இப்ப தாகம் இல்லடி.”

“ஒன்ன யாரு அதக் கேட்டா?”

வீரலட்சுமி பழக்க தோஷத்தில் வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பாட்டிலை வாங்கிக் கொஞ்சம் குடித்தாள், நிறுத்தினாள், மறுபடியும் குடித்தாள்.