ஹிலோவில் என் மகளுக்கு ஒரு தெரு

என் மகள் குடியிருக்கப்போகும் தெருக்களை மூன்று வாரமாக நான் நடந்து பார்த்தேன். கால் நோகவில்லை. மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, கணினி வரைபடத்தில் அம்புக்குறியை அமத்த அமத்தத் தெரு நகரும். ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கரையோரம், ஹிலோ என்று ஓர் ஊர். வேலையால் வந்து தேநீர் ஊற்றிக்கொண்டு ஆறு மணிக்கு அந்த ஊருக்குள் இறங்கினால் ஏழரை வரை சுற்றுவேன். அங்கே எப்போதும் பகல். படமெடுத்த வாகனம் போன நாளில் மழை தூறியிருக்க வேண்டும், பல தெருக்கள் நனைந்திருந்தன. ஓரிடத்தில் ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தோடு நிற்கிறார். முகம் தெரியாதபடி மங்கலாக்கி இருக்கிறார்கள். அவரை நான் அடிக்கடி கடந்து போனேன். அந்த நாட்களில் வேலைத்தலத்துக்கு வெளியே நான் அதிகம் சந்தித்த மனிதர் அவர்தான்.

மகள் தாதி. ஏப்ரலில் அந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குப் போனாள். முதல் ஆறு வாரங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதற்குள் தனக்கொரு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று நான் விளம்பரத்தில் கண்டுபிடித்தது, மலைச்சரிவில், காவுமானா என்ற பகுதியில். மற்றது அவள் கண்டது, கடற்கரையில், கியாவுகாஹாவில். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளை ஒரு வீட்டுக்குள் தனியே விழுந்து, ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கக் கூடாது.

அவளுடைய தாய் அப்படித்தான் கிடந்தாள். நவம்பரில், ஒரு வேலைநாள். மனைவி ஒரு கார்டெரியில், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல் வேலை பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. காலை ஆறரைக்கு நான் வெளிக்கிடும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரயிலில் நகருக்குள் போய், மெட்ரோ மாறி, ஆற்றுக்கு அடியால் லொங்குய்ய்க்குப் போய், எட்டு மணிநேரம் வேலை செய்து, அதே வழியால் திரும்பி வந்தேன். ஐந்தரை. சமையலறையில் விளக்கு எரிந்தது. வானொலி பாடிக்கொண்டிருந்தது. வெங்காயம் பாதி வெட்டியபடி பலகையில் காய்ந்துபோய் இருந்தது.

முன்னமே ஆராவது கண்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று வைத்தியரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இன்றைக்கும் ரயிலில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதற்கு முன்பு நகருக்குள், கோட்-டெ-நேஜில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். மேலும் கீழும் எங்கட ஆக்கள். ஒரு வீட்டில் மிளகாய் பொரித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். எந்த நேரமும் கதவு தட்டப்படும், சீனி இருக்கோ, பிரெஞ்சுக் கடிதம் ஒன்று வந்திருக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ, பிள்ளையை ஒருக்காப் பாருங்கோ. எனக்கு அலுத்துவிட்டது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் ரொக்ஸ்பரோவில் இந்த வீட்டைப் பார்த்தபோது முதலில் பிடித்தது அதன் அமைதி.

"இஞ்சேருங்கோ, இங்க நான் ஆரோட கதைக்கிறது?" என்று மனைவி வெறும் வரவேற்பறையில் நின்று கேட்டாள்.

"கதைக்கிறதுக்கு ரெலிபோன் இருக்குத்தானே" என்றேன்.

இப்போது எனக்கு ரெலிபோன்தான் இருக்கிறது.

மகள் காலை வேலைக்குப் போகுமுன் எடுப்பாள். அங்கே ஆறு மணி என்றால் இங்கே நண்பகல். அலுவலகச் சாப்பாட்டறையில் எல்லோருக்கும் அந்த அழைப்பு தெரியும், ஒரு மூலையை எனக்கு விட்டுவிடுவார்கள். நான் அவளிடம் சுகம் விசாரிப்பதில்லை. நேராக வீட்டுக் கதைக்கு வந்துவிடுவேன். ஹிலோவின் குடாவோரத்தில் நீளமாக ஒரு புல்வெளி கிடக்கிறது. பூங்கா என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு வாசித்து அறிந்தேன், முன்பு அங்கே வீடுகளும் கடைகளும் இருந்தனவாம். கடல் இரண்டு முறை வந்து கொண்டுபோன பிறகு, இனி வேண்டாம் என்று வெறுமையாக விட்டுவிட்டார்கள். அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஊரில் கடலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கடல் வந்தால் மக்கள் வெளியேற வேண்டிய பகுதிகளை நிறம் தீட்டிய வரைபடம் ஒன்றை எடுத்து, அலுவலகத்தில் அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அவள் பார்த்த வீடு அந்த நிறத்துக்குள் இருந்தது. நான் பார்த்த வீடு நிறத்துக்கு வெளியே, நல்ல உயரத்தில், மருத்துவமனைக்கும் கிட்ட. நீண்ட வாசல்பாதை. சுற்றிவர மரங்கள். பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியாது.

இதற்கிடையில், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். புதிதாக ஓர் ஊருக்குப் போவதென்றால் நாங்கள் முதலில் கேட்பது, அங்கே எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ என்பதுதான். தண்ணீர், வெயில், பள்ளிக்கூடம் எல்லாம் பிறகு. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அவர் ஆரிடமோ கேட்டு, அவர் வேறு ஆரிடமோ கேட்டு, நாலாம் நாள் ஓர் இலக்கம் வந்தது. ஹொனலுலுவில் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று, கணவன் மனைவி இருவரும் கணினித் துறை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளிடம் சொல்லாமல் ஒரு ஞாயிறு மத்தியானம் எடுத்தேன்.

"தம்பி, என்ர மகள் ஹிலோவில இருக்கிறா. தனிய. ஏதும் அவசரம் எண்டால் நீங்கள் ஒருக்காப் போய்ப் பாப்பீங்களோ? பஸ்ஸில எவ்வளவு நேரம் எடுக்கும்?"



"பஸ்ஸா? அங்கிள், ஹிலோ வேற தீவு. நடுவுல முழுக்க கடல்."

"பாலம் இல்லையோ?"

"பாலமா!" என்று சிரித்தார். பிறகு, சிரித்தது தப்பு என்று நினைத்தவர் போல, "ஃபிளைட்ல தான் வரணும் அங்கிள். கப்பல்கூட ஓடல. நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மொன்றியல். இதுவும் தீவுதான்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? நான் பிறந்த பக்கத்தில் தீவுக்குத் தாம்போதியில், கடலுக்கு நடுவே போட்ட வீதியில், போவோம், இல்லாவிட்டால் வள்ளத்தில் போவோம். இங்கே தினமும் ஆற்றுக்கு அடியால் தீவை விட்டு வெளியே போய்ச் சம்பளம் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே வைக்காத கடல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் நல்ல பிள்ளை. மகளின் இலக்கத்தை வாங்கிக்கொண்டார், அவளுக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் நண்பகல் மகள் எடுத்தாள்.

"அப்பா, ஹொனலுலுவில ஆரிட்டயோ என்னைப் பாக்கச் சொன்னீங்களாம். விசர் வேலை. அவர் என்ன, பிளேன் ஏறி வந்து எனக்குப் பனடோல் குளிசை தாறதோ?"

"எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. கிட்ட எண்டு நினைச்சன்."

"மே நோ, அப்பா." கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் முதலில் வரும். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, சொல்லுங்கோ. மலை வீட்டைத்தானே எடுக்கச் சொல்லப்போறீங்கள்?"

மலை வீட்டின் நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். அவளுக்குப் பின்னால் மழை ஓட்டில் அடிப்பது கேட்டது.

"மற்றதில என்ன இருக்கு?" என்று முடிவில் கேட்டேன்.

"அது பின்வீடு அப்பா. ஒரு குடும்பம் முன்வீட்டில இருக்கு, வளவுக்குப் பின்னால சின்னனா ஒண்டு கட்டி வாடகைக்கு விடுகினம். இங்க கன பேர் அப்பிடித்தான் இருக்கினம்."

"எயார்போட் பக்கத்தில. இஞ்ச டோர்வல் எயார்போட் மாதிரிச் சத்தமா இருக்கும்."

"ஓம். சத்தம்தான்."

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"ஆக்கள் இருக்கினம் அப்பா. முன்வீட்டில நாலு பேர்."

"நான் கேட்டது எங்கட ஆக்கள்."



"கடல் வருது எண்டு சைரன் அடிச்சா எந்த ரோட்டால மேல ஏறிறது எண்டு அவை எனக்குக் காட்டினவை" என்றாள். "வீடு பாக்கப் போன அண்டைக்கே காரில கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை. அடிச்சா முதல் உன்ர கதவைத்தான் தட்டுவம் எண்டு அந்த அன்ரி சொன்னவ. மலையில என்ர கதவை ஆர் தட்டுறது?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்பா, கோவிக்காதேங்கோ. நீங்கள் எனக்கு மூண்டு கிழமையாத் தேடினது எங்கட ரொக்ஸ்பரோ வீட்டை."

சாப்பாட்டறையில் நுண்ணலை அடுப்பு ஒன்று முடிந்து ஒலித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. என் முன்னால் சோறு ஆறிப்போயிருந்தது. அவள் அழுகிறாளோ என்று கேட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம்தான்.

"உங்களுக்குப் பக்கத்து வீட்டில இருக்கிற மனிசிக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வருடமாகப் பக்கத்தில் இருக்கிறார். பனி வாரும்போது போன்ஜூர் சொல்வோம். நாய் ஒன்று வைத்திருந்தார், அது செத்துப்போய் இப்போது வேறொன்று வைத்திருக்கிறார். மனைவியின் செத்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "பக்கத்தில ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டபோது, "இல்லை" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. இரு பக்கமும் வீடு இருந்தது, வீட்டுக்குள் விளக்கு இருந்தது. ஆக்கள் என்று நான் எண்ணியது எங்கட ஆக்களைத்தான்.

"எனக்கும் தெரியாது" என்றாள் மகள். "அங்கதானே நானும் வளர்ந்தனான். சரி, எனக்கு வேலைக்கு நேரமாகுது, பேந்து கதைக்கிறன். ஆனா நான் வெள்ளிக்கிழமை சொல்ல வேணும். நீங்கள் வேண்டாமெண்டா அதை எடுக்கேல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருக்கிறதை என்னாலும் தாங்கேலாது."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுடைய வீட்டை அவள் என் கையில் தந்துவிட்டாள். மூன்று வாரமாக நான் கேட்டதும் அதைத்தான்.

அன்று மாலை கணினியைத் திறக்கவில்லை. வீட்டுக் கதவின் மேலதிகத் திறப்பு, அந்த இரண்டாவது சாவி, எங்கே என்று தேடினேன். அது மனைவியின் கைப்பையில், வளையத்தில், கார்டெரித் திறப்போடு சேர்ந்து கிடந்தது. கார்டெரித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததும் அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டையும் பிரிக்க நகத்தால் முடியவில்லை, கத்தி முனையால் பிரித்தேன். வெறுங்கையோடு போவதா என்று யோசித்து, வீட்டில் கொடுக்கத்தக்கதாக ஒன்றும் இல்லாததால் வெறுங்கையோடுதான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு என்னைவிடச் சில வயது கூட இருக்கும். கதவைப் பாதி திறந்து, நாயைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றார். என் பிரெஞ்சு அலுவலகப் பிரெஞ்சு, விண்ணப்பப் படிவம் வாசிப்பது போலத்தான் வரும். நான் தனியே இருக்கிறேன், ஏதாவது நடந்தால் என்று ஒரு திறப்பு, தொந்தரவு இல்லை என்றால், என்று சொல்லி நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"காலையில் ஐந்தே முக்காலுக்கு உங்கள் சமையலறை விளக்கு எரியும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு. நவம்பரிலிருந்து தினமும் பார்க்கிறேன். போன மாதம் ஒருநாள் எரியவில்லை. வந்து பார்க்கச் சப்பாத்தும் போட்டுவிட்டேன், பிறகு எரிந்தது."

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். பிந்தி எழும்பினேன். எனக்கே மறந்துபோன நாள் அது.

மெர்சி என்று நன்றி சொன்னேன்.  பெயரைக் கேட்க மறந்து படியிறங்கி, பாதி வழியில் திரும்பிப் போய்க் கேட்டேன். சொன்னார். என்னுடையதையும் கேட்டார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், பிழையாகத்தான் வந்தது, நான் திருத்தவில்லை.

மறுநாள் நண்பகல் மகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னாள். எழுதிவைப்பது கேட்டது. கடற்கரை வீட்டை எடு என்றேன்.

"பயமில்லையோ அப்பா?"

"பயம்தான். நீ எடு."

அவள் குடிபோய் இரண்டு மாதமாகிறது. அழைப்பு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான். முன்வீட்டாரோடு சேர்ந்து மீன் சுடுகிறாள், மழை பார்க்கிறாள், அவளுக்கு நேரமில்லை. அதுவும் நல்லதுதான். சில மாலைகளில் நான் அந்தத் தெருவுக்குப் போய் வீட்டின் முன் நிற்கிறேன். வரைபடத்தில் பின்வீடு தெரியாது. முன்வீட்டின் வாசலும், அதில் கழற்றிவிட்ட ஐந்தாறு சோடிச் செருப்புகளும்தான் தெரியும். அது அவள் போவதற்கு முன் எடுத்த படம் என்று தெரிந்தும், அவளுடையது எது என்று தேடுவேன். ஏழரைக்கு கணினியை மூடுகிறேன். காலையில் ஐந்தே முக்காலுக்கு, விடுமுறை நாளென்றாலும், எழும்பிச் சமையலறை விளக்கைப் போடுகிறேன். வேலையில்லாத நாளில் பிறகு போய்த் திரும்பவும் படுக்கிறேன்.